ஒரு சொட்டுகூட ஒழுகாத தொட்டிகள்

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். முப்பது வருடமாக ஊரார் வீட்டு ஒழுகலை நிறுத்திக்கொண்டிருக்கிறார். எங்காவது சொட்டும் சத்தம் கேட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவப் போனால் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். அந்தக் குழாயைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் வருவார். நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனசு வராது.

மூட்டுவலியால் நான் பேக்கிங் கம்பெனி வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. நான்கு சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காத குறை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள நர்சரியில் செடி பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தே செய்யலாம். எனக்கென்றே வந்த வேலை! ஆனால் அந்த நர்சரிக்காரம்மா லேசுப்பட்டவர் அல்ல. பன்னிரண்டு குடைமிளகாய்ச் செடிகளைத் தொட்டியோடு கொடுத்து, "ரெண்டு மாசத்துல காயோட கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

பால்கனியில் வரிசையாக வைத்தேன். மூன்று வாரம் தளதளவென்று வளர்ந்தன. மொட்டும் விட்டன. அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. அடி இலைகள் மஞ்சளாயின, பூ உதிர்ந்தது, பகலில் செடிகள் துவண்டு தலையைத் தொங்கப் போட்டன.

மஞ்சள் என்றால் சத்துக் குறைவு என்று உரம் போட்டேன். இன்னும் மஞ்சளானது. பக்கத்து வீட்டு நர்ஸ், வெயில்தான் காரணம் என்றாள். படுக்கை விரிப்பைக் கட்டி நிழல் கொடுத்தேன். இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டி, பூச்சி ஏதாவது ஓடுகிறதா என்று கண் வலிக்கப் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் சோப்புத் தண்ணீர் அடித்தேன். மகளுக்குப் படம் அனுப்பினால், "வைரஸ்மா, பிடுங்கிப் போட்டுடு" என்கிறாள். பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது? தண்ணீரைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. மண்ணைத் தொட்டால் ஈரமாகத்தானே இருந்தது!

"ஏங்க, கண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு? எல்லாம் சாவுது, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்களே!"

"எனக்குச் செடியைப் பத்தி என்னம்மா தெரியும்? நான் அதைத் தொட்டதுகூட இல்லையே" என்றார் பாவமாக.

கெடு முடிய ஐந்து நாள் இருந்தது. வந்த ஆத்திரத்தில் ஒரு செடியை அப்படியே பிடுங்கினேன். குப்பென்று சாக்கடை நாற்றம். வேரெல்லாம் பழுப்பாகி, தொட்டால் தோல் கையோடு வந்தது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நான்கு ஓட்டைகள் இருக்க வேண்டும். நான்கையும் குழாய்க்குப் போடும் பசையால் அடைத்து, கட்டைவிரலால் தடவி, உப்புத்தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தது. மற்ற பதினொன்றும் அதே அழகு.

"என்னங்க இது?"

"அதுவா? தன் துணியில தண்ணி சொட்டுதுன்னு கீழ் வீட்டுத் தையல்காரர் சத்தம் போட்டாரு. பார்த்தா எல்லாத் தொட்டியிலயும் ஓட்டை. உன் தலையில ஓட்டைத் தொட்டியைக் கட்டிட்டாங்களேன்னு நினைச்சேன். சொன்னா வருத்தப்படுவியேன்னு நானே அடைச்சுட்டேன்."

கத்தினேன். நர்ஸ் ஓடி வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். அவர் டிரில்லை எடுத்து ஓட்டைகளைத் திறந்தார். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. கீழே தையல்காரர் அலறினார்.

மூன்று செடிகள் பிழைத்தன. ஒன்றிலும் காய் இல்லை. சாட்சிக்கு ஒரு வெறும் தொட்டியையும் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா செடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டியைக் கவிழ்த்து, ஓர் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த பசையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா யாரு செஞ்சது? எங்க தண்ணித் தொட்டி நாலு வருஷமா ஒழுகுது. எத்தனையோ பேர் பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கல. உங்க வீட்டுக்காரரை நாளைக்கே வரச் சொல்லுங்க."

"என் வேலை?"

"காயோட வாங்கன்னுதானேம்மா சொன்னேன்?"

இப்போது தினமும் காலையில் அவர் நர்சரிக்குப் போகிறார். தண்ணீர்த் தொட்டியின் ஒழுகலை அடைத்தாகிவிட்டது, குழாய்களெல்லாம் மாற்ற வேண்டுமாம், ஆறு மாத வேலையாம். சாயங்காலம் வந்து, "அங்க மிளகாயெல்லாம் என்னமா காய்ச்சிருக்கு தெரியுமா?" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று அந்த மூன்றில் ஒன்று மொட்டு விட்டது. வேண்டுமென்றே ஒரு சொம்புக்கு இரண்டு சொம்பு ஊற்றினேன். கீழே சொட்டத் தொடங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிமிர்ந்து, கையை உதறிக்கொண்டு எழப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசிச் சொட்டு விழும்வரை அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.