சுவரில் இடித்த குழாய்

இந்தத் தீவில், கராச்சர்மாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். கீழ்த்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றவேண்டும். மோட்டார் ஓடுகிறவரை ஜன்னலோரக் குழாய் சுவரில் டக்டக்கென்று இடிக்கும். நிறுத்தியதும் கடைசியாக ஒரே அடி, சம்மட்டியால் போட்டதுபோல.

அந்தச் சுவரை ஒட்டித்தான் கணவரின் கட்டில். பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஒவ்வோர் அடிக்கும் அவர் உடம்பு தூக்கிப்போடும். அவரைத் துடைத்து, ஊட்டிவிட்டு, ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டர் வேலைக்கு பஸ் பிடித்து ஓடுவதிலேயே என் நாள் போய்விடும். குழாயை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வந்தார். மோட்டாரைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பூரா லைன் பதல்னா படேகா" என்றார். மொத்தக் குழாயையும் மாற்றவேண்டுமாம். சாமான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தபிறகு பார்க்கலாமாம். எதிர்த்துக் கேட்கவும் தெம்பில்லாமல் தலையாட்டி அனுப்பினேன்.

அவர் போனதும் கணவர் ஏதோ முனகினார். சிறுநீர்ப் பாத்திரம் கொண்டுபோனேன், தள்ளிவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டார்.

"என்னதான் வேணும்? வாயத் திறந்து சொல்லித் தொலைங்களேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. ஜன்னலைக் காட்டினார். செத்துக் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி ஆட்டினார். பிறகு மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கை ஆடவில்லை. மறுபடியும் அதையே செய்தார்.

எழுந்துபோய்க் குழாயைப் பார்த்தேன். சுவரோடு பிடித்திருந்த கிளாம்ப் இரண்டு, உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கழன்று கிடந்தன. இருபது வருஷம் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். எட்டு மாதமாக ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைக்குப் போய் கிளாம்ப் வாங்கிவந்தேன். கீழ்வீட்டுத் தெலுங்குக்காரர் டிரில்லோடு வந்து, பழைய சைக்கிள் டியூபைக் குழாயில் சுற்றி, அதன்மேல் கிளாம்பைச் சுவரோடு இறுக்கிக் கொடுத்தார். மோட்டார் போட்டோம். டக்டக் இல்லை. கடைசி அடி மட்டும் மெதுவாக விழுந்தது. கணவரின் கண்ணிமை துடித்தது, அவ்வளவுதான்.

"கத்தினத மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

இன்னொரு முறை மோட்டாரைப் போடச் சொல்லிக் கை காட்டினார். கீழ்த்தொட்டி காலியாகியிருந்தது. புதன்கிழமை தண்ணீர் வரும், அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்குக் கீழேயே தரையில் படுத்துக்கொண்டேன்.