கால்பட்டையும் என் சகலையும்

என் சகலை வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தால் எனக்கு ஒரு வாரம் வயிறு சரியாக இருக்காது. அவன் கொண்டுவரும் பேரீச்சைதான் காரணம் என்று என் மனைவி நம்பினாள். நானும் மறுத்ததில்லை.

நான் அந்த வீட்டின் மூத்த மருமகன். அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஆறேழு வயது இளையவன். அமரவிளையிலிருந்து உள்ளே தள்ளி மாமனாருக்கு ஒரு தென்னந்தோப்பும் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு விளையும் இருந்தன. நான் பாறசாலையில் ஒரு டூட்டோரியலில் ஆசிரியன். பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்கு மறுபடி தோற்காமலிருக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அவனோ கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்களின் விளையாட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்பவன். அவன் வந்திருக்கும்போது மாமனார் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டுப் பேசுவார். என்னிடம் பத்திரிகைக்குப் பின்னாலிருந்தே பேசுவார். மூத்தவன் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு மரியாதையும் இல்லையே என்பதுதான் என் நெடுநாள் வயிற்றுவலி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருமுறை அவன் வந்தபோது, டாக்சியின் தலையில் போர்வை சுற்றிய நீண்ட சாமான் ஒன்று இருந்தது. சவப்பெட்டி மூடி என்று நினைத்து அடுத்த வீட்டு அம்மை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டே ஓடிவந்தாள். போர்வையை அவிழ்த்தால் ஒரு பலகை. கூடவே ஒரு பையில், மாமனார் வீட்டு முற்றத்தையே மூடுகிற அளவுக்கு ஒரு பட்டம். பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரில் பாய வேண்டுமாம். ஊருக்குப் போன யாரோ ஒரு வெள்ளைக்காரன் இவனுக்கு விட்டுச்சென்றது. எனக்கு யாரும் எதையும் விட்டுச்சென்றதில்லை, மாணவர்கள் விட்டுச்செல்லும் குடைகளைத் தவிர.

இந்தப் பலகைக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு, ஒரு திசையில் மட்டுமே ஓடும் என்றான். திரும்ப வேண்டுமானால் ஆள்தான் கால் மாற்றி நிற்க வேண்டும். அதற்காக முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என, காலை நுழைத்துக்கொள்ளச் செருப்பு வார்போல மூன்று கால்பட்டைகள். அவன் முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளினான். கால்கள் எவ்வளவு அகலத்தில் இறங்கினவோ அந்த அகலத்தில் பட்டைகளை வைத்து ஸ்க்ரூ முறுக்கினான். பட்டை கிடந்து சுழலாமலிருக்க ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்க்ரூ. ஒரு துள்ளலுக்கு இவ்வளவு கூட்டமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார்கூட அடுப்பை விட்டு வந்திருந்தாள்.

பட்டையை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் எனக்கு வாய்ப்பு வந்தது. அவன் தன் காலை நுழைத்துக் காட்டினான். விரல்கள் மட்டும் மறுபக்கம் எட்டிப் பார்த்தன.

"இதென்ன இப்படி லூசா கெடக்கு?" என்றேன். எங்கள் ஊர் நூலகத்தில் இதைப் பற்றி ஒரு புத்தகமும் கிடையாது. புத்தகத்தில் இல்லாத விஷயங்களில் எனக்கு எப்போதும் உறுதியான கருத்து உண்டு. "தெங்கு ஏறுதவன் தளைநாரை இப்படியா போடுவான்?"

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். தென்னை ஏறுபவர் காலில் மாட்டும் நார்வளையத்தைப் பற்றி அவரிடம் சொன்னால் அது சட்டப் புத்தகத்தை வக்கீலிடம் காட்டுவது போல.

"அது நேருதான்" என்று ஒப்புக்கொண்டார். "கால் வழுக்கப்பிடாது."

"அப்படியில்ல மாமா" என்றான் அவன். "வீழும்போ கால் தானா களண்டு வரணும்."

"மக்கா, வீழும்போ களரும்னா பின்ன அத கெட்டுதது எதுக்காக்கும்?" என்றார் மாமனார்.

முற்றமே சிரித்தது. எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தவன் நான்.

அவன் பொறுமையாகச் சொன்னான்: "தெங்குல கால் களண்டா ஆளு போச்சு மாமா. வெள்ளத்துல கால் களராட்டிதான் போச்சு. பலக ஒரு பக்கம் திரும்பும், ஆளு மறுபக்கம் திரும்பும். நடுவுல கெடந்து முறியுதது கணுக்கால். ரொம்ப லூசானாலும் கால் உள்ள ஏறி கணுக்கால்ல மாட்டிக்கிடும். வெரலு மட்டும் வெளிய தெரியணும், அதாக்கும் அளவு."

நல்ல விளக்கம். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

மாமனார் தீர்ப்புச் சொன்னார்: "மூத்த மருமவன் சொன்னதுபோல இறுக்கு. நாளைக்குப் பூவாறுல அவரே மொதல்ல கேறட்டு. மூத்தவரு இருக்கும்ப எளையவன் கேறுதது முறையில்ல."

இத்தனை வருடம் நான் எதிர்பார்த்த மரியாதை அப்படித்தான் வந்தது, ஒரு பலகையின்மேல்.

மறுநாள் காலை ஒரு ஜீப்பில் எல்லாரும் பூவாறு போனோம். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. இந்தக் காற்றில் பட்டம் விட்டால் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும் என்று சொல்லிச் சகலை பட்டத்தைப் பையிலேயே வைத்துவிட்டான். அதற்குப் பதில், ஆறு கடலோடு சேரும் பொழியில் அலையில்லாத இடம் பார்த்து, ஒரு மோட்டார் வள்ளத்தின் பின்னால் கயிறு கட்டி இழுப்பது என்று ஏற்பாடு.

இடுப்பளவு தண்ணீரில் நின்று பட்டைக்குள் காலை நுழைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால்தான் போனது. உள்ளே போனதும் வெளியே எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். தோல் வந்தது, கால் வரவில்லை. முந்தின நாள் முற்றத்தில் பிடிக்காத விளக்கம் முழுவதும் அந்த நொடியில் கணுக்கால் வழியாகப் புரிந்தது. கரையில் மாமனார் கையைக் கட்டி நின்றார். என் மனைவி குடை பிடித்து நின்றாள். இளக்கித் தா என்று நான் வாயைத் திறந்து கேட்டால், இனி அந்த வீட்டில் பத்திரிகைக்குப் பின்னாலிருந்துகூட யாரும் என்னிடம் பேசமாட்டார்கள். கேட்காவிட்டால், நாளை முதல் டூட்டோரியலுக்கு ஊன்றுகோலோடு போக வேண்டும். ஊன்றுகோல் பரவாயில்லை என்றுதான் முடிவு செய்தேன்.

வள்ளக்காரன், "போவட்டா சாறே?" என்றான்.

"நில்லு" என்றான் சகலை. தண்ணீரில் நடந்து என் பக்கத்தில் வந்து, கரைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்: "அண்ணே, ஸ்க்ரூவுல மணலு கேறியிருக்கு. ஒருக்கா களத்தி கழுவிட்டுப் போடட்டா? இல்லேன்னா பட்டை சுத்திரும்."

மணல் ஏதும் இல்லை. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனிதன் என்றால் அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ம்" என்றேன்.

குனிந்து, கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து, என் காலைப் பிடித்து, இடுப்பில் செருகியிருந்த ஸ்க்ரூடிரைவரால் பட்டையை இளக்கினான். விரல்கள் மட்டும் வெளியே தெரியும்வரை மூன்றையும் சரிசெய்தான். ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. குத்திக்காட்டியிருந்தால் மன்னித்திருப்பேன். என் கௌரவத்தைக் காப்பாற்ற இவன் யார்?

வள்ளம் இழுத்தது. நான் எழுந்து நின்றேன். ஒரு கொட்டாவி விடுகிற நேரம் நின்றிருப்பேன். பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தியது, அது இடப்பக்கம் திரும்ப, நான் வலப்பக்கம் பறந்தேன். இரண்டு காலும் மழைக்காலச் செருப்பைப்போல எளிதாகக் கழன்றன. மூக்கு நிறைய உப்புத்தண்ணீரோடு மேலே வந்தேன். கரையில் கைதட்டல். நான் நின்றதற்குத்தான் என்று நினைத்து ஒரு கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

மாமனார் என் சகலையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். "கண்டியா, கால் எப்படிக் களண்டுதுன்னு! இவன் கழுவிப் போட்டதாக்கும் காரியம்!"

என் மனைவியும் அவனிடம்தான் சொன்னாள்: "தம்பி, நீங்க பாத்ததுனால தப்பிச்சாரு. இல்லேன்னா இண்ணைக்கு காலு போயிருக்கும்."

அதற்குப் பிறகு அவன் ஏறினான். அவன் எவ்வளவு தூரம் விழாமல் போனான் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஜீப்பின் பின்னிருக்கையில், ஈர வேட்டிக்குள் கையை விட்டு, கணுக்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் வீங்கியிருந்தால்கூடப் போதும், அவன் கட்டியதில் ஒரு குறை என்று சொல்லிவிடலாம். உள்பக்கம் அமுக்கினேன், வெளிப்பக்கம் அமுக்கினேன். எங்கேயும் வலிக்கவில்லை.