மேட்டு மண்ணில் அரைக்காணி

நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணைத் தோண்டி ஒரு பக்கமாகக் கொட்டிக் கொட்டி, நெய்வேலிச் சுரங்கத்தின் ஓரத்தில் அது மலை மாதிரி ஆகியிருந்தது. அதில் மறுபடி பயிர் விளைய ஒரு திட்டம் போடுவதற்காக 1978இல் மருதமுத்துவை வேலைக்கு எடுத்தார்கள். வேளாண்மை படித்த சாத்தூர்க்காரர்.

முதல் நாளே அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. நல்ல மேல்மண் அடியில் புதைந்திருந்தது. ஆழத்துக் களியும் மணலுமே மேலே காய்ந்துகொண்டிருந்தன.

ஏரி வண்டலைக் கொண்டுவந்து ஒரு பகுதியில் பரப்பினார். தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். வண்டல் சுமந்த கான்ட்ராக்ட் ஆட்களில் தனமும் ஒருத்தி. அவள் ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. அவள் குடும்பம் அந்த நிலங்களில் கூலிக்கு உழைத்தது. கூலிக்கு ஏது இழப்பீடு?

மூன்றாம் வருடம் கம்பு முழங்கால் உயரம் எழுந்தது.

“வெளைஞ்சா இந்த நெலம் யாருக்குங்க சார்?” என்று கேட்டாள் தனம்.

சந்தோஷத்தில் இருந்த மருதமுத்து, “ஊரை விட்டு வந்தவங்களுக்கு ஆளுக்கு அரைக்காணி குத்தகைக்குக் கொடுக்கணும்னு திட்டத்துல எழுதியிருக்கேம்மா,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் தெருக்காரர்கள் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். “சும்மா பார்த்துகினு போலாம்னு வந்தோங்க,” என்றார் தனத்தின் கணவர் கொளஞ்சியப்பன்.

ஐப்பசி மழையில் மேட்டின் சரிவு பிளந்து இறங்கியது. கம்பும் வண்டலும் சேறாய்க் கீழே கிடந்தன.

“மேடு நிக்கணும், மருதமுத்து. மரம் வைப்போம். விவசாயத்தைப் பிறகு பார்க்கலாம்,” என்றார் மேலதிகாரி. சரிவைப் பிடித்து நிறுத்த வேர் வேண்டும் என்பது மருதமுத்துவுக்கும் தெரியும். சவுக்கு, தைலமரம் என்று திட்டத்தை அவரே திருத்தினார். குத்தகை பற்றி எழுதியிருந்ததையும் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார்.

தனத்திடம் போய்ச் சொன்னார்.

“குழி தோண்ற வேலையாவது எங்களுக்கு வருங்களா?”

“சொல்லிப் பாக்கிறேம்மா.”

சொன்னார். புதிய கான்ட்ராக்டர் தலையை ஆட்டிவிட்டுத் தன் ஊர் ஆட்களை இறக்கினார்.

சில வருடங்கள் கழித்துப் பண்ருட்டி பஸ் நிலையத்தில் தனத்தைப் பார்த்தார். கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் ஓட்டெண்ணெய் பட்டுக் கைகள் கறுத்திருந்தன.

“நல்லா இருக்கீங்களா சார்? வூட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?” என்று கேட்டாள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.