தூளிக் கொக்கிகள்

"அம்மா, இங்க போலாம்லா" என்று மகள் போனை நீட்டினாள். ரிங்லெட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகை இப்போது காப்பிக்கடையாம். உத்தரத்துக் கொக்கிகளில் ஊஞ்சல் மாட்டிப் படம் போட்டிருக்கிறார்கள். கீழே ஆளாளுக்கு, "என்ன அமைதி!"

அமைதியாம், மண்ணாங்கட்டி! அந்தக் கொக்கிகளில் தொங்கியவை எங்கள் தூளிகள்; மூத்திரமும் புளித்த பாலும் நாறும் அங்கே ஒரு பிள்ளை அழுதால் எல்லாம் சேர்ந்து அழும், நான் தம்பியை ஆட்டிக்கொண்டே இருப்பேன், எதிர்மேட்டில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு அவன் குரல் கேட்கும், பால் கசிந்து ரவிக்கை நனையும், ஆனாலும் சங்கு ஊதும்வரை இறங்கி வரக் கூடாது.

படத்தைப் பெரிதாக்கினேன். ஊஞ்சலுக்குப் பின்னால், சன்னலுக்கு வெளியே, கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் மங்கலாகத் தெரிந்தாள்.

"அழகா இருக்குல்ல?" என்றாள் மகள்.

"இந்தப் பொண்ணு தன் பிள்ளைய எங்கடி விட்டுட்டு வந்திருக்கா?" என்றேன்.