குக்கர் விசிலடிக்காத பௌர்ணமி

போன வருடம் மாசி மாதப் பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில், எங்கள் வீட்டில் நடந்தது இது. செங்கம் ரோட்டை ஒட்டிய தெரு. கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், பௌர்ணமி அன்று வீடு லாட்ஜ் ஆகிவிடும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் கணவரின் அக்கா, அவர் வீட்டுக்காரர், மருமகள், பேரப்பிள்ளைகள், கூடவே காது மந்தமான ஒரு சித்தப்பா என்று ஒரு வேன் நிறைய வருவார்கள். வேனை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால் வெயிலில் நடந்து வந்து சேர்ந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, பொழுது சாய மலை சுற்றக் கிளம்புவார்கள். எனக்கும் அது பிடிக்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பௌர்ணமி மாதிரியே இருக்காது.

ஆனால் அந்த முறை எங்களிடம் ஒரு ரகசியம் இருந்தது. என் கணவருக்கு வேலை போயிருந்தது. ஒரு வங்கியின் பழைய புரோகிராம்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பல வருட அனுபவம். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அரை வருடமாக வீட்டில்தான் இருந்தார். உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக அவர்களும் நம்பினார்கள். அந்தக் குடும்பத்தில் முதல் இன்ஜினியர் அவர். அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் தம்பி. "அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு" என்று கேட்டார். பண்ணினேன்.

புது வேலைக்குப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் தெரியுமா? வேடிக்கை என்னவென்றால், உள்ளூர்க் கல்லூரியில் வருடா வருடம் நான் எடுக்கும் பாடமே அதுதான். ஆகவே சாயங்காலம் டீ குடித்ததும் நான் டீச்சர், அவர் மாணவர். நாற்பத்தைந்து வயசு மாணவர், அதுவும் கட்டிய கணவர்! இந்தக் கஷ்டம் எந்த டீச்சருக்கும் வரக் கூடாது.

பாடத்தின் சாரம் பெரிய விஷயமில்லை. பழைய முறையில், எல்லாவற்றையும் ஒரே நீள புரோகிராம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். இதுவாக இருந்தால் இப்படிச் செய், அதுவாக இருந்தால் அப்படிச் செய் என்று ஒவ்வொன்றுக்கும் அதுவே சொல்ல வேண்டும். புது முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் தன் வேலை தனக்குத் தெரியும். நாம் என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், எப்படிச் செய்வது என்பது அதன் பாடு.

புத்தகத்தில் இருக்கிற நாய், பூனை உதாரணத்தைச் சொன்னேன். 'சத்தம் போடு' என்று இரண்டுக்கும் ஒரே கட்டளைதான், நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும். மனுஷன் கடகடவென்று மனப்பாடம் செய்து ஒப்பித்தார். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை பழைய வழிக்கே போய்விடும். "யாரு எத எப்படி பண்ணுவாங்கன்னு தெரியாம எப்படி உட்டுட்டு இருக்கறது?" என்பார். அவர் சுபாவமும் அதுதானே. ரயிலில் போனால் எல்லோர் டிக்கெட்டும், எல்லோர் தண்ணீர் பாட்டிலும் அவர் பையில்தான் இருக்க வேண்டும். ஒருநாள் கோபத்தில் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனேன். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், நான் திட்டிய அதே கணக்கை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் ஒரு பிள்ளையை அப்படித் திட்டுவேனா?

இந்த நிலைமையில்தான் ஒரு நல்ல கம்பெனியிலிருந்து வீடியோ இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போனது, இனி மாற்ற முடியாது என்றார்கள். அது சரியாகப் பௌர்ணமி அன்று, நாலு மணிக்கு!

மூன்றரைக்கு வேன் கூட்டம் உள்ளே நுழைந்தது. பிள்ளைகள் மாடிப்படியில் ஏறி இறங்கி ஓட்டம். சித்தப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் அவர் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். அடுப்பில் குக்கர். தெருமுனை அன்னதானப் பந்தலில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. ஹாலைப் பார்த்து ஜன்னல் வைத்த சின்ன அறையில் என் கணவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லி வைத்திருந்தார். மீட்டிங்குக்கு யார் அடங்குவார்கள்? அவரே ரெண்டு முறை வெளியே வந்து, நீ அங்கே போ, நீ இதை நிறுத்து என்று ஒவ்வொருவராக விரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒன்றும் நடக்கவில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாவது ஒன்றாவது என்று சமையலறையில் இருந்த அவர் அக்காவிடம் போனேன்.

"அண்ணி, அவருக்கு வேலை போயி ரொம்ப நாளாச்சு. இப்ப வேற வேலைக்கு இன்டர்வியூ. கொஞ்சம் சத்தம் இல்லாம இருந்தா போதும்."

அண்ணியின் கை அப்படியே நின்றது. கண் கலங்கியது. ஆனால் ஏன், எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ உள்ள போ. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

நான் அறைக்குள் போய், கேமராவில் தெரியாத மூலையில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் வழியாக ஹாலும், அதைத் தாண்டிச் சமையலறையும் வாசலும் தெரிந்தன. அண்ணி ஹாலுக்கு வந்து எல்லோரையும் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய், குக்கரை இறக்கிவிட்டு அரிசியைப் பாத்திரத்தில் போட்டு வடிக்க ஆரம்பித்தார். மருமகள் சின்னக் குழந்தையின் காலிலிருந்து கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளையும் நுனிக்காலில் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். சித்தப்பா ஒரு குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மலை சுற்றுகிறவர்கள் தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டாமல் இருக்க, தானே டம்ளரோடு தெருவில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் பந்தல் ஸ்பீக்கரும் தணிந்தது. சத்தத்தைக் கம்மி பண்ணச் சொல்லப் போன அண்ணியின் வீட்டுக்காரர் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, "அப்ப நீங்க கொஞ்ச நேரம் சாம்பார் சாதம் போடுங்க" என்று நிற்க வைத்துவிட்டார்களாம். இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

உள்ளே அந்தக் கேள்வி வந்தேவிட்டது. பலவகை வங்கிக் கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் வட்டி வேறு மாதிரி. எப்படி எழுதுவீர்கள்? என் கணவர் பழைய பழக்கத்தில் 'இந்தக் கணக்காக இருந்தால்' என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். அவர் திரும்பி ஜன்னல் வழியாக ஹாலைப் பார்த்தார். ஈ காக்கை இல்லை. சமையலறையில் அண்ணி பாத்திரத்தைத் தட்டால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

பிறகு நிதானமாக ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். என் வீட்டில் இப்போது ஒரு கூட்டமே இருக்கிறது, அமைதியாக இருங்கள் என்று ஒரே ஒரு வேண்டுகோள்தான் போனது, ஒவ்வொருவரும் அவரவர்க்குத் தெரிந்த விதத்தில் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள், யார் எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, கணக்குகளையும் அப்படித்தான் எழுதுவேன் என்றார். அந்தப் பக்கம் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. அப்புறம் எழுதியும் காட்டினார். இத்தனை மாதம் நான் தலைகீழாக நின்றும் வராதது, வரி வரியாக வந்தது.

முடித்துவிட்டு வெளியே வந்தார். அண்ணி தரையில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, "முடிஞ்சுதா? பருப்புக்குக் குக்கர் வெக்கலாமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். என் கணவர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் தலையைச் சாய்த்துக் குழந்தை மாதிரி அழுதார். அண்ணி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "சாப்ட்டு கெளம்பு. நடக்கறப்ப பேசிக்கலாம்" என்றார். அன்று மலை சுற்றி முடிக்கும் வரை அக்காவும் தம்பியும் எங்களுக்கெல்லாம் முன்னால், பேசிக்கொண்டே நடந்தார்கள். நாங்கள் வேண்டுமென்றே பின்தங்கி நடந்தோம்.

அந்த வேலை கிடைக்கவில்லை. இந்த முறையில் ஏற்கெனவே வேலை பார்த்த ஆள்தான் வேண்டுமாம். மெயிலைப் படித்ததும் இவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஆத்திரத்தில் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். "அக்கா, கெடைக்கலக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்வதற்கும் முன்னால் அக்காவிடம். வேறு இடத்தில் வேலை கிடைக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் வந்த பௌர்ணமிகளில் அவர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரவில்லை. இப்போது ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை அவர்தான் எடுக்கிறாராம்.

நானும் வருடா வருடம் எடுக்கிறேன். ஒப்படைத்துவிட்டுக் கவலைப்படாமல் இருப்பதுதான் இந்த முறை என்று வகுப்பில் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் கூடப்பிறந்த சொந்தங்களிடமே அப்படி ஒப்படைக்க ஒரு மனிதனுக்கு எத்தனை தைரியம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், போர்டுக்குத் திரும்பி நின்று ஒரு நிமிடம் கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் முடிகிறது.