தொப்பூர் கணவாயைச் சீனத்துப் பாணியில் வரைந்த மல்லிகா

எங்கள் கடை மல்லிகா இன்று காலை போய்விட்டாள். கிட்னி பிரச்சினை... ஒரு வருடமாகப் போராடிக்கொண்டிருந்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தருமபுரியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் அவள் டிசைனர், நான் பிரிண்டிங் மெஷின் ஓட்டுகிறவன். எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

அழுகைப் பதிவு எழுத மனம் வரவில்லை. ஜெயித்தவளைப் பற்றிப் பெருமையாகத்தான் எழுதுவேன்.

காதுகுத்து, வளைகாப்பு, கட்சி பேனர்... நாள் முழுக்கத் தலைகளை வெட்டி ஒட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. டீ நேரத்தில் மட்டும் அவள் சிஸ்டத்தில் பழைய சீன மலை ஓவியங்கள் ஓடும்.

கறுப்பு மையில் மலை. நடுவில் ஒன்றுமே வரையாமல் விட்ட மூடுபனி. ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு மனிதன்.

"அண்ணா, மழைக்காலத்துல நம்ம தொப்பூர் கணவாய் இப்படித்தானுங்க இருக்கும்" என்பாள். நல்லம்பள்ளிக்காரி, அவளுக்குத் தெரியாதா.

முதலாளி விடுவாரா? "சைனா ஐட்டம் எத்தன நாளைக்குத் தாங்கும் மல்லிகா?" என்று தினமும் ஓட்டுவார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவளுக்கு அது வலித்தது. "வரையற முறைதானுங்க அவங்களுது. மலை நம்மளுது. நம்ம ஆளு ஒருத்தர் பார்த்துட்டு இது நம்ம மலைன்னு சொல்லணும்... எனக்கு அது போதும்" என்றாள் ஒருநாள்.

இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் கணவாயில் நின்று போட்டோ எடுத்தாள். மலையை அல்ல, லாரிகள் மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்களை.

அந்தச் சுருக்கங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி மலை மடிப்பாக்கினாள். தொங்கும் கயிறெல்லாம் அருவி. தள்ளி நின்றால் சீன ஓவியம், கிட்டே போனால் முழுக்கத் தார்ப்பாய். முப்பது அடி நீளம்.

பெங்களூரில் ஒரு ஓவியக் கண்காட்சிக்குத் தேர்வானது. அனுப்ப வேண்டிய கடைசி நாளில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்...

அவள் சாப்பிடப் போயிருந்தாள். ஃபைலைத் திறந்தால் நடுவில் பத்தடி வெள்ளை. எங்கள் தொழிலில் பேனரில் ஒரு சாண் காலியாக விட்டால் கஸ்டமர் சண்டைக்கு வருவார்.

ஏதோ படம் விட்டுப்போயிருக்கிறது, பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கல்யாண பேனருக்கு வைத்திருந்த இரண்டு மயிலையும் ஒரு கொத்து ரோஜாவையும் போட்டு முப்பது அடியும் அடித்து முடித்தேன்.

வந்து பார்த்தாள். ஒரு மயிலின் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணா... அந்தக் காலி எடத்துலதானுங்க ரோடு இருக்குது. பனிக்குள்ள லாரியெல்லாம் எறங்கிட்டு இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு பிரிண்டுக்கு முதலாளியிடம் நானே போய்க் கெஞ்சினேன். அவர் மயிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"போடுய்யா. இந்தத் தடவ அவ சொல்றபடி போடு" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் சுருளை ஏற்றிவிட்டோம்.

கண்காட்சிக்கு மூன்று பேருமே போனோம். பெரிய பெரிய ஆட்கள் ஆங்கிலத்தில் பாராட்டினார்கள். தலையாட்டினாள், அவ்வளவுதான்.

அப்போது ஹாலுக்கு நாற்காலி இறக்க வந்த லாரி டிரைவர் ஒருவர், எங்கள் மாவட்டத்துக் கடத்தூர்க்காரராம், படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். யார் செய்தது என்று அவருக்குத் தெரியாது. வெள்ளையாக விட்டிருந்த இடத்துக்கு நேராகக் கையை நீட்டி எங்களிடம் சொன்னார்.

"இது நம்ம தொப்பூருங்க. இந்த எடத்துல எறங்கையில ரெண்டாவது கியரைத் தாண்டக் கூடாது. பனியில முன்னாடி போற வண்டி தெரியாது."

மல்லிகா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிந்துவிட்டது. முதலாளி மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் மட்டும் அந்த டிரைவரிடம், "ஆமாங்க, பார்த்துத்தான் எறங்கணும்" என்றாள். அதைச் செய்தது தான்தான் என்று கடைசி வரை சொல்லவே இல்லை. அவ்வளவு சந்தோஷத்தில் ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

மதியம் மூன்று மணிக்கு நல்லம்பள்ளியில் எடுக்கிறார்கள். நானும் முதலாளியும் கிளம்பிவிட்டோம்.

நீ ஜெயித்ததை நான் கண்ணால் பார்த்தேன் மல்லிகா... போய் வா.