செலின் எழுதிய வரை செல்வம் வரவில்லை

பிரான்சிஸ் போன் செய்தபோது நான் சென்னையில் ஒரு தொலைக்காட்சி அலுவலகத்தின் வரவேற்பறையில், கழுத்தில் விசிட்டர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, செலின் போயிட்டா" என்றார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், அன்றைய டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் முன்பே முடிந்துவிட்டதாம். நான் "சரிங்க" என்றேன். மனைவியைப் பறிகொடுத்தவரிடம் "சரிங்க" என்று சொன்ன மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த நிமிடம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனேன். அரை மணி நேரம் கதை சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

ஆவூர்க்காரர்களுக்கு செலின், கோயில் திருவிழா நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவர். அந்த நாடகத்தை வீடியோ எடுக்க கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்தவன் நான். கேமராவுக்குப் பின்னால் நின்றபடி அவர் வசனத்தைக் கேட்டு எடுக்க மறந்து, மூன்றாவது காட்சி முழுவதையும் கோட்டைவிட்டேன். பாதிரியார் கோபித்துக்கொண்டார். செலின் மட்டும், "போகட்டும் பாதர், அந்த சீன் கொஞ்சம் நீளந்தான்" என்றார். அன்றிலிருந்து பதினோரு வருடம் இருவரும் சேர்ந்து தொடர்களுக்கு எழுதினோம்.

எழுதினோம் என்பதுகூடத் தவறு. எழுதியது அவர், சொன்னது நான். எங்கள் தொழிலில் எழுதிக் கொண்டுபோனதை யாரும் வாசிப்பதில்லை. சேனலில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் கதையை வாயால் சொல்ல வேண்டும். இரண்டு வரியில் ஒருமுறை, அது பிடித்தால் அரை மணி நேரம் ஒருமுறை. அதுவும் தேறினால்தான் பத்து எபிசோடுக்கு சீன் பிரித்துக் கொண்டுவரச் சொல்வார்கள். செலினுக்குச் சொல்ல வராது. ஒரே ஒருமுறை முயன்றார். பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோலக் குரலை இறக்கி, நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லி முடித்ததும் ஒருவர், "எப்ப மேடம் ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வாய் என் பொறுப்பு என்று ஆனது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தொடர் பக்கத்து வீட்டு விஷயமேதான். செலினின் தெருவில் ரீட்டா என்று ஒரு பெண். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன கணவன் முதல் வருடம் பேசினான், அப்புறம் பேசவில்லை. உயிரோடுதான் இருக்கிறான், அதுவும் அவளுக்குத் தெரியும். முந்திரி உடைக்கப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ரீட்டா, ஒருநாள் தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தாள். இதை எழுதட்டுமா என்று செலின் அவளிடம் கேட்டார். "எழுதுங்கக்கா. ஆனா கடைசியில அவன் வந்து சேந்துட்டான்னு மட்டும் எழுதிராதீங்க" என்றாளாம் ரீட்டா. செலின் வாக்குக் கொடுத்தார். தொடரில் அவள் பெயர் மரகதம், அவன் பெயர் செல்வம்.

இந்தக் கதையைத்தான் நான் சேனலில் சொன்னேன். செலின் பக்கத்தில் இருந்தார். தாலுகா ஆபீஸ் காட்சிக்கு வரும்போது எதிரே இருந்த அதிகாரி போனை நோண்ட ஆரம்பித்தார். கதை சொல்கிறவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. யோசிக்கவே இல்லை. "முந்நூறாவது எபிசோடுல, மேடம், செல்வம் திரும்பி வர்றான்!" என்று ஒரே போடாகப் போட்டேன். அதிகாரி போனைக் கீழே வைத்தார். "வந்து?" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

லிஃப்டில் இறங்கும்போது செலின் கேட்டார்: "அந்த ஆளை எங்கேருந்து அண்ணே புடிச்சீங்க?"

"வேலை வாங்கணும்ல. முந்நூறு எபிசோடு போறதுக்குள்ள அவங்களே மறந்துருவாங்க."

"ரீட்டா மறக்க மாட்டா" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சேனல் மறக்கவில்லை. முந்நூறு நெருங்கியதும் ஒவ்வொரு திங்கட்கிழமையும், "செல்வம் எப்ப சார் வர்றார்?" என்று போன் வந்தது. செலின் செல்வத்தை வரவிடாமல் எழுதத் தொடங்கினார். முதலில் அவன் பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டது. பிறகு டிக்கெட் போட்டாயிற்று, விமானம் ரத்து. பிறகு திருச்சி விமான நிலையத்தில் இறங்கியவன் வேறொரு செல்வமாகப் போய்விட்டான். இதற்குள் அந்த வேடத்துக்கு ஒப்பந்தமான நடிகர் தாடி வளர்த்து, எடுத்து, மறுபடி வளர்த்துவிட்டார். நாங்கள் போனில் சிரித்துச் சிரித்துச் செத்தோம். சிரிப்புக்கு நடுவில் செலினுக்கு மூச்சு வாங்கும். வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்று ஆன பிறகும் காட்சிகள் நேரம் தவறாமல் வந்தன. எழுத முடியாத நாட்களில் குரல் பதிவாக அனுப்பினார்.

அவர் வசனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரகதம் உட்கார்ந்து ஐந்து நிமிடம் அழ வேண்டும் என்று ஒருமுறை கேட்டிருந்தார்கள். நான் ஒரு மாதிரி எழுதி அனுப்பினேன். செலின் திருப்பி அனுப்பினார். "அழுவுற பொம்பளை அடுப்பை அணைச்சிட்டுத்தாண்ணே அழுவா. அடுப்புல என்ன இருந்துச்சுன்னு மொதல்ல எழுதுங்க." அவர் மாற்றிய காட்சியில் மரகதம் ரசத்தை இறக்கி வைத்து, மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுதாள். அன்று செட்டில் லைட்மேன்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள் என்று இயக்குநர் சொன்னார்.

ரீட்டா தினமும் தொடர் முடிந்ததும் செலின் வீட்டுக்கு வந்து, "அவன் வந்துருவானாக்கா?" என்று கேட்பாளாம். "நான் எழுதுற வரைக்கும் வரமாட்டான்" என்று சொல்வாராம் செலின். என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இறப்பதற்கு நான்கு நாள் முன்பு கடைசிப் பதிவு வந்தது. இனி தள்ள முடியாது என்று நான்தான் கெஞ்சியிருந்தேன். செல்வம் வாசலில் வந்து நிற்கிறான். மரகதம் பார்க்கிறாள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அப்புறம் செலினின் குரல்: "வந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கத்தான செய்வா. அதுக்கு மேல நீங்க சொன்ன கதைண்ணே. நீங்களே எழுதிக்கங்க." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

அன்று அந்த அலுவலகத்தில், அவர் இறந்த செய்தி காதில் இருக்கும்போதே, நான் சொன்ன அரை மணி நேரக் கதை அந்தத் தண்ணீருக்குப் பிறகு வருவதுதான். செல்வம் காலில் விழுகிறான், பிள்ளைகள் அப்பா என்கிறார்கள், மரகதம் கதவைத் திறக்கிறாள். அவன் வரும் எபிசோடுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். "செலின் மேடம் வரலையா?" என்று ஒருவர் கேட்டார். "வரலை" என்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கூப்பிட்டார்கள், போனேன், வாய் பேசியது.

மறுநாள் ஆவூர்க் கல்லறையில் மண் போட்டுவிட்டுக் கைகழுவப் போனபோது ஒரு பெண் எதிரே வந்தாள். நான் அதற்கு முன் ரீட்டாவைப் பார்த்ததில்லை. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இனிமே அவன் வந்துருவானாண்ணே?"

"தெரியலம்மா" என்றேன். தெரியும்.

எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. செலின் கடைசியாக என்னிடம் விட்டுப்போனது அந்தப் பதிவுதான், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. செல்வம் வருகிற நாளிலிருந்து வசனம் என்ற இடத்தில் செலின் பெயரைப் போடக் கூடாது என்று சேனலுக்கு எழுதியிருக்கிறேன். "அஞ்சலியா இருக்கட்டுமே சார்" என்றார்கள். முடியாது என்றுவிட்டேன். பெயர் எடுக்கப்பட்டதைப் பார்த்து ஆவூரில் யாரும் வருத்தப்பட வேண்டாம். ரீட்டா, நீ கேட்டதற்கு இதுதான் பதில்: வருவான். அக்கா தண்ணீர் மட்டும்தான் கொடுத்தார். வீட்டுக்குள் விட்டது நான்.